மூளை எலெக்ட்ரோடை எம்ஆர்ஐக்குள் அனுப்பலாமா? சோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளையின் மின்சைகைகளைப் பதிவு செய்யும் எலெக்ட்ரோடு தலையில் இருக்கும்போதே எம்ஆர்ஐ எடுக்க வேண்டிய தேவை அடிக்கடி வருகிறது. வலிப்பு நோய்க்காக மூளைக்குள் செருகிய எலெக்ட்ரோடு சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அல்லது மூளையின் மின் அலையையும் இரத்த ஓட்டத்தையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். அப்போது வரும் கேள்விகளும், சோதனை மேசையில் இருப்பவர் என்ற முறையில் என் பதில்களும் இங்கே.

எங்கள் எலெக்ட்ரோடு பிளாட்டினம். காந்தத்தில் ஒட்டாது. அப்புறம் எதற்குச் சோதனை?

ஒட்டுவது ஒரு ஆபத்துதான்; அதுவே முழுக்கதை இல்லை. எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் மூன்று விதமான புலங்கள் இருக்கின்றன. முதலாவது, எப்போதும் அணையாமல் இருக்கும் நிலையான காந்தப்புலம். மருத்துவமனைகளில் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. இரண்டாவது கிரேடியன்ட் புலம். ஸ்கேன் ஓடும்போது கேட்கும் டமடம சத்தத்துக்குக் காரணம் அதுதான். நொடிக்குப் பல நூறு, ஆயிரம் முறை ஏறி இறங்கும். மூன்றாவது ரேடியோ அலை. 1.5 டெஸ்லாவில் ஏறக்குறைய 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் 128 மெகாஹெர்ட்ஸ்.

நிலையான புலம் இழுக்கும், திருகும். கிரேடியன்ட் கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டும். ரேடியோ அலை சூடாக்கும். பிளாட்டினம் முதல் ஆபத்திலிருந்து தப்பிக்கும். மூன்றாவதில் அது தங்கமோ செம்போ எதுவாக இருந்தாலும் ஒன்றுதான், ஏனென்றால் அங்கே சிக்கல் மின்சாரம் கடத்தும் நீளமான கம்பி. என்னைக் கேட்டால் மூன்றில் பயப்பட வேண்டியது இந்தச் சூடுதான். இழுபட்டால் கண்ணுக்குத் தெரியும், சூடு தெரியாது.

பெட்டியில் “எம்ஆர்ஐ கம்பாட்டிபிள்” என்று அச்சிட்டிருக்கிறதே, அது போதாதா?

போதாது. அந்தச் சொல் குழப்பம் தருகிறது என்றுதான் 2005-ல் ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பு அதற்குப் பதில் மூன்று குறிகளைக் கொண்டுவந்தது. பச்சைச் சதுரம் என்றால் எந்த எம்ஆர்ஐ சூழலிலும் பாதுகாப்பு. மஞ்சள் முக்கோணம் என்றால் சொல்லப்பட்ட நிபந்தனைகளுக்குள் மட்டும் பாதுகாப்பு. குறுக்குக் கோடிட்ட சிவப்பு வட்டம் என்றால் உள்ளே கொண்டுபோகவே கூடாது.

பச்சைச் சதுரம் மின்சாரம் கடத்தாத, உலோகமில்லாத, காந்தத்தன்மை இல்லாத பொருளுக்குத்தான் கிடைக்கும். எலெக்ட்ரோடின் வேலையே மின்சாரம் கடத்துவது. ஆகவே மூளை எலெக்ட்ரோடு ஒன்றில் பச்சைச் சதுரம் பார்த்தால் சந்தேகப்படுங்கள். நியாயமான எலெக்ட்ரோடுக்குக் கிடைக்கக்கூடியது மஞ்சள் முக்கோணம். அதன் கீழே இருக்கும் சிறிய எழுத்தைப் படிப்பதுதான் முக்கியம்: எத்தனை டெஸ்லா, எந்தக் காயில் (ரேடியோ அலையை அனுப்பும் கம்பிச்சுருள்), எவ்வளவு ரேடியோ ஆற்றல், எத்தனை நிமிடம், கம்பி எப்படிக் கிடக்க வேண்டும். “இந்த எலெக்ட்ரோடு பொருந்துமா” என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் கிடையாது. எலெக்ட்ரோடு, அதன் கம்பி, அது போகும் வழி, இயந்திரம் எல்லாம் சேர்ந்ததுதான் பதில்.

இழுவிசையை எப்படி அளக்கிறீர்கள்? பெரிய கருவி வேண்டுமா?

ஒரு நூலும் கோணமானியும் போதும். ஏஎஸ்டிஎம் எஃப்2052 என்ற முறை இதுதான். மெல்லிய நூலில் எலெக்ட்ரோடைக் கட்டித் தொங்கவிட்டு, இயந்திரத்தின் வாய்க்கு அருகே கொண்டுபோக வேண்டும். நடுவில் அல்ல, வாயில். நடுவே புலம் வலுவாக இருந்தாலும் சீராக இருக்கும். சீரான புலம் இழுக்காது. புலம் சட்டென்று மாறும் இடத்தில்தான் இழுவிசை உச்சம். நூல் செங்குத்திலிருந்து 45 டிகிரிக்குள் சாய்ந்தால், காந்த விசை பொருளின் எடையைவிடக் குறைவு என்று பொருள். புவியீர்ப்பைத் தாங்கும் இடத்தில் அதையும் தாங்கிக்கொள்ளும் என்பதுதான் கணக்கு.

திருகு விசைக்கு (எஃப்2213) நேர்மாறாக இயந்திரத்தின் நடுவுக்குப் போக வேண்டும்.

இங்கே ஒரு அனுபவம். ஒருமுறை பிளாட்டினம் எலெக்ட்ரோடு ஒன்றைத் தொங்கவிட்டோம். நுனி அசையவே இல்லை. கம்பியின் மறுமுனையில் இருந்த கனெக்டர் மட்டும் குதிரை மாதிரித் தாவி எழுந்தது. அதன் ஊசிகள் (பின்கள்) தங்கமுலாம் பூசியவைதான், ஆனால் தங்கத்துக்கு அடியில் நிக்கல் பூச்சு. கனெக்டர் பின்களில் இது மிகச் சாதாரணம். நிக்கல் காந்தத்தை நன்றாகவே பிடிக்கும். ஆகவே எலெக்ட்ரோடை மட்டும் சோதிக்காதீர்கள். கனெக்டர், திருகு, சாலிடர் என்று கூடவே உள்ளே போகும் அத்தனையையும் கட்டித் தொங்கவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டிக் காந்தத்தை வைத்துப் பார்த்தோம், ஒட்டவில்லை என்பது சோதனையாகாது. அந்தக் காந்தம் எங்கே, 3 டெஸ்லா எங்கே?

இவ்வளவு சின்ன எலெக்ட்ரோடு எப்படிச் சூடாகும்?

எலெக்ட்ரோடு சின்னதுதான், கம்பி சின்னதில்லை. ரேடியோ அலைக்கு நீளமான கம்பி ஆன்டெனா மாதிரி. உடலுக்குள் உருவாகும் மின்புலத்தைக் கம்பி நெடுகச் சேகரித்து, மின்காப்பு இல்லாத ஒரே இடமான நுனியில் கொண்டுவந்து கொட்டும். நுனியின் பரப்பு மிகச் சிறியது. அங்கே மின்னோட்டம் நெருக்கிக்கொண்டு திசுவுக்குள் பாய, சூடாவது கம்பி அல்ல, நுனியைச் சுற்றியிருக்கும் மூளைத் திசு.

எந்த நீளம் மோசம்? அலைநீளத்தில் பாதியை ஒட்டிய நீளம். தண்ணீர் நிறைந்த திசுவில் ரேடியோ அலை காற்றில் இருப்பதைவிட ஏறக்குறைய 9 மடங்கு சுருங்கும். கணக்குப் போட்டால் 64 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 26 செ.மீ. அளவு, 128 மெகாஹெர்ட்ஸில் 13 செ.மீ. அளவு. மின்காப்பு உறை உள்ள கம்பியில் இந்த நீளம் கூடும், ஆகவே இவை தோராயம்தான். ஆனால் தலையிலிருந்து வெளியே வரும் எலெக்ட்ரோடு கம்பிகள் பலவும் இந்த எல்லைக்குள் வந்து உட்கார்ந்துகொள்வது நம் கெட்ட நேரம்.

இது வெறும் ஏட்டுக் கவலை இல்லை. ஆழ்மூளைத் தூண்டல் எலெக்ட்ரோடு (மூளையின் ஆழத்துக்கு மின்தூண்டல் கொடுப்பது) வைத்திருந்த பார்க்கின்சன் நோயாளி ஒருவருக்கு இடுப்பு முதுகெலும்பில் ஸ்கேன் எடுத்தபோது, எலெக்ட்ரோடைச் சுற்றி மூளையில் காயம் ஏற்பட்டு நிரந்தரப் பாதிப்பு வந்ததாக 2005-ல் மருத்துவ இதழில் பதிவானது. ஸ்கேன் எடுத்தது தலையில் அல்ல. 3 டெஸ்லாவிலும் அல்ல, 1 டெஸ்லாவில். உடல் முழுவதற்குமான காயில் ரேடியோ அலையை அனுப்பியிருந்தார்கள். தூண்டல் கருவியிலிருந்து கழுத்து வழியாகத் தலைக்குப் போகும் கம்பி அந்தக் காயிலின் எல்லைக்குள் வந்துவிட்டது.

சூட்டை எப்படிச் சோதிக்கிறீர்கள்? மனிதரில் அளக்க முடியாதே.

முடியாது. அதனால் பேண்டம் என்ற மாதிரி உடல். ஏஎஸ்டிஎம் எஃப்2182 முறையில் அது அக்ரிலிக் தொட்டியில் நிரப்பிய ஜெல். லிட்டர் தண்ணீருக்கு 1.32 கிராம் உப்பும் 10 கிராம் பாலிஅக்ரிலிக் அமிலமும் சேர்த்தால் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.47 சீமென்ஸ் வரும். உடல் திசுவின் சராசரிக்குச் சமம். கஞ்சி மாதிரிக் கெட்டியாக இருக்கும். ஏன் கெட்டியாக வேண்டும்? வெறும் உப்புத் தண்ணீர் என்றால் சூடான நீர் மேலே கிளம்பிவிடும், நுனி குளிர்ந்துவிடும், எண் பொய் சொல்லும்.

வெப்பத்தை அளப்பது ஒளியிழை உணரி. சாதாரணத் தெர்மோகப்பிளின் உலோகக் கம்பி தானே ஒரு ஆன்டெனா ஆகிவிடும். உணரியை நுனியில் ஒட்டி வைக்க வேண்டும், ஏனென்றால் நுனியை விட்டு விலக விலக வெப்பம் சரேலென்று விழுகிறது. ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைத்துவிட்டு “சூடு இல்லை” என்று எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் வைத்த உணரியைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்வோம். பிறகு ஜெல் அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருந்து, 15 நிமிடம் ரேடியோ அலையை ஓட்டி, நொடிக்கு நொடி வெப்பநிலையைப் பதிவு செய்வோம். எலெக்ட்ரோடை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொரு முறை. இரண்டின் வித்தியாசம்தான் எலெக்ட்ரோடின் பங்கு.

புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. எலெக்ட்ரோடை ஜெல் தொட்டியின் நட்டநடுவில் வைப்பார்கள். தலையின் நடுவில் மூளை இருக்கிறதல்லவா, அதே மாதிரி என்று. நடுவில் மின்புலம் ஏறக்குறைய பூஜ்யம். ஓரத்துக்குப் போகப் போகத்தான் கூடும். நடுவில் வைத்த எந்த எலெக்ட்ரோடும் தேர்ச்சி பெறும்! தொட்டிச் சுவருக்கு அருகே, சுவருக்கு இணையாகக் கம்பியை ஓட்டிப் பாருங்கள், அப்போது தெரியும் சங்கதி.

இன்னொன்று, இயந்திரத்தின் திரையில் காட்டும் எஸ்ஏஆர் எண்ணை நம்ப வேண்டாம். ஒரு கிலோ திசு எவ்வளவு ஆற்றலை உறிஞ்சுகிறது என்ற அளவு அது, வாட்/கிலோவில். சாதாரண ஸ்கேனில் உடல் முழுவதற்கும் 2, தலைக்கு 3.2 என்பது உச்சவரம்பு. திரையில் வருவது நோயாளியின் எடையை வைத்து இயந்திரம் போடும் மதிப்பீடு. ஜெல் தொட்டிக்குள் உண்மையில் போன ஆற்றல் வேறாக இருக்கலாம். அதனால்தான் 10 செ.மீ. டைட்டானியக் கம்பி ஒன்றை முதலில் வைத்து, அது எவ்வளவு சூடாகிறது என்று பார்த்து அந்த இடத்தை அளவுத்திருத்தம் செய்வது வழக்கம்.

1.5 டெஸ்லாவில் தேறிய எலெக்ட்ரோடு 3-ல் தேறுமா?

தேறலாம், தேறாமலும் போகலாம். மேலே சொன்ன அரை அலைநீளக் கணக்கைப் பாருங்கள். 3-ல் தேறியது 1.5-ல் தேறாமல் போவதும் நடக்கும். பெரிய எண்ணில் தேறினால் சின்ன எண்ணில் கண்ணை மூடிக்கொண்டு விடலாம் என்ற நினைப்புதான் இதில் ஆபத்தானது.

கணினியில் சிமுலேஷன் செய்தால் போதாதா?

சிமுலேஷன் இல்லாமல் இன்று வேலையே ஆகாது. கம்பி ஆயிரம் வழிகளில் வளைந்து கிடக்கலாம். ஆயிரத்தையும் ஜெல்லில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை. ஆனால் கணினி சொல்லும் எண்ணை நாலைந்து வழிகளிலாவது ஜெல்லில் அளந்து ஒத்துப்பார்க்காமல் நம்ப மாட்டேன். கம்பியின் உறை எத்தனை மைக்ரான், உள்ளே இழைகள் முறுக்கியவையா நேரானவையா என்பதெல்லாம் விடையைப் புரட்டிப் போடும். மின்காப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருந்தால் சூடு அங்கே கிளம்பும். கணினிக்கு அது தெரியாது.

படத்தில் எலெக்ட்ரோடு இருக்கும் இடம் கருப்பாக ஓட்டை விழுகிறது. உண்மையில் அவ்வளவு பெரிதா?

இல்லை. உலோகத்தின் காந்த ஏற்புத்திறன் (காந்தப்புலத்தில் வைத்தால் ஒரு பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு) திசுவிலிருந்து வேறுபடுவதால் சுற்றியிருக்கும் புலம் கோணலாகிறது; அந்தக் கோணல்தான் கருப்பாகத் தெரிகிறது. ஒரு மில்லிமீட்டர் குறுக்களவு கொண்ட எலெக்ட்ரோடு படத்தில் பல மில்லிமீட்டர் தடிமனாகத் தெரிவது சாதாரணம். எம்ஆர்ஐ படமெடுக்கும் முறைகளில் ஸ்பின் எக்கோ என்பதில் ஓட்டை சின்னதாகவும், கிரேடியன்ட் எக்கோ என்பதில் பெரிதாகவும் இருக்கும். மூளைச் செயல்பாட்டைப் பார்க்கும் வேகப் படமெடுப்பில் இன்னும் மோசம். ஏஎஸ்டிஎம் எஃப்2119 இரண்டு வகைப் படங்களையும் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். நல்ல படத்தை மட்டும் அறிக்கையில் போட்டால் அது ஏமாற்று வேலை.

திசையும் முக்கியம். நீண்ட கம்பி நிலைப்புலத்துக்கு இணையாகக் கிடந்தால் அதன் பக்கவாட்டில் கோணல் அநேகமாக இருக்காது, முனைகளில் மட்டும் இருக்கும். செங்குத்தாகக் கிடந்தால் நீளம் முழுக்கக் கருப்பு. ஒரே எலெக்ட்ரோடு இரண்டு படங்களில் இரண்டு விதமாகத் தெரிந்தால் திகைக்க வேண்டாம்.

அப்படியானால் எந்த உலோகம் நல்லது?

தண்ணீரின் காந்த ஏற்புத்திறன் பத்துலட்சத்தில் −9 அளவு. செம்பு −9.6, கிட்டத்தட்ட அப்படியே. படத்தைக் கெடுக்காது. ஆனால் மூளைக்குள் செம்பு நஞ்சு. வெள்ளி −24, அதுவும் உள்ளே ஆகாது. உச்சந்தலையில் ஒட்டும் வெள்ளி–வெள்ளி குளோரைடு தட்டுகளோடு அதன் வேலை முடிந்தது. தங்கம் −34, நல்லது, ஆனால் மிருது. டங்ஸ்டன் +77. டைட்டானியம் +180 அளவு. மருத்துவத்தில் எல்லோரும் நம்பும் பிளாட்டினம் +279. படத்துக்கு எது நல்லதோ அது மூளைக்கு ஆகாது, மூளைக்கு எது நல்லதோ அது படத்தைக் கெடுக்கிறது. தங்கமும் பிளாட்டினமும் எதிரெதிர்க் குறி என்பதால் இரண்டையும் கலந்து ஒன்றை ஒன்று சமன்செய்யும் உலோகக்கலவை செய்யலாம். கார்பன் இழை, கிராபீன் இழை, கடத்தும் பாலிமர் பூச்சு ஆகியவை இன்னொரு வழி. படத்தில் சுத்தமாக இருக்கின்றன. கார்பனுக்கு மின்தடை அதிகம் என்பதால் ரேடியோ அலையில் தூண்டப்படும் மின்னோட்டமும் குறைவு. ஆனால் உலோகம் இல்லை என்பதற்காகச் சூட்டுச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். கடத்துகிறது என்றால் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்கேன் ஓடும்போதே மூளை மின்னலையைப் பதிவு செய்ய முடியுமா?

முடியும். எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் மனிதரின் மின்னலையைப் பதிவு செய்ததாக 1993-ல் ஜான் ஐவ்ஸும் சக ஆய்வாளர்களும் அறிவித்தார்கள். 2001-ல் நிகோஸ் லோகோதெட்டிஸ் குழு குரங்குகளின் மூளைக்குள் எலெக்ட்ரோடு வைத்து, நரம்பணுச் செயல்பாட்டையும் இரத்த ஓட்ட மாற்றத்தையும் ஒரே நேரத்தில் அளந்தது.

முடியும் என்பது வேறு, எளிது என்பது வேறு. சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். இரண்டு கம்பிகளுக்கு இடையே 10 சதுர செ.மீ. பரப்புள்ள வளையம் உருவாகிறது. அங்கே கிரேடியன்ட் புலம் நொடிக்கு 20 டெஸ்லா வேகத்தில் மாறுகிறது. தூண்டப்படும் மின்னழுத்தம் 20 மில்லிவோல்ட், அதாவது 20,000 மைக்ரோவோல்ட். நீங்கள் பார்க்க வந்த மூளை அலை 50 மைக்ரோவோல்ட். இடி முழக்கத்துக்கு நடுவே கொசு ரீங்காரத்தைக் கேட்கிற வேலை.

நல்ல வேளையாக, இந்த இடி ஒரே தாளத்தில் இடிக்கிறது. ஒவ்வொரு ஸ்கேன் சுற்றிலும் அச்சு அசலாக அதே வடிவம் வருவதால், பல சுற்றுகளின் சராசரியை எடுத்துக் கழித்துவிடலாம். 2000-ல் ஃபிலிப் ஆலன் குழு வெளியிட்ட இந்த முறைதான் இன்றும் அடித்தளம். அது வேலை செய்ய, மூளை அலையைப் பெரிதாக்கிப் பதிவு செய்யும் பெருக்கியின் கடிகாரமும் ஸ்கேனரின் கடிகாரமும் இம்மி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும்; பெருக்கி நிரம்பி வழியவும் கூடாது.

அதற்கு முன்பே ஒன்று செய்யலாம், செலவே இல்லாதது: கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி வளையத்தின் பரப்பைக் குறையுங்கள். மென்பொருளில் ஒரு வாரம் போராடித் துடைப்பதைக் கம்பியை முறுக்கிப் பத்து நிமிடத்தில் குறைத்துவிடலாம்.

பதிவின் தரத்தை எப்படிச் சோதிப்பது?

தெரிந்த சைகையை உள்ளே அனுப்பிப் பார்ப்பதுதான் நேர்மையான வழி. ஜெல் தலைக்குள் இரண்டு மெல்லிய கம்பிகளைப் புதைத்து, 10 ஹெர்ட்ஸில் சின்னதாக ஒரு சைன் அலையைச் செலுத்துவோம். ஸ்கேன் ஓடாதபோது பதிவு, ஓடும்போது பதிவு, துடைத்த பிறகு பதிவு. மூன்றையும் அடுக்கிப் பார்த்தால் அலையின் உயரம் குறைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். அழுக்கோடு சேர்த்துப் பிள்ளையையும் துடைத்து எறியும் மென்பொருள்கள் உண்டு. குறிப்பாக, நொடிக்கு எத்தனை வெட்டுப்படம் எடுக்கிறோமோ அந்த அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் மூளை அலை சேர்ந்தே காணாமல் போகும்.

ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் 1 கிலோஹெர்ட்ஸில் மின்மறுப்பை (மாறுமின்னோட்டத்துக்கு எலெக்ட்ரோடு காட்டும் எதிர்ப்பை) அளந்து எழுதி வையுங்கள். எண் மாறியிருந்தால் பூச்சு உரிந்திருக்கலாம், இணைப்பு விட்டிருக்கலாம்.

ஜெல் தலைக்கு இதயம் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். உயிருள்ள மனிதரில் ஒவ்வொரு துடிப்புக்கும் தலை இம்மியளவு அசையும், உச்சந்தலை இரத்தக்குழாய் விம்மும். அந்தச் சிறு அசைவே வலுவான காந்தப்புலத்துக்குள் மூளை அலையைவிடப் பெரிய அலையை உருவாக்கிவிடும். இதயத் துடிப்பு அச்சு அசலாகத் திரும்ப வருவதில்லை, ஆகவே இதைக் கழிப்பது கிரேடியன்ட் இரைச்சலைக் கழிப்பதைவிடக் கடினம். புலம் கூடக் கூட இதுவும் கூடும்.

எலியில் பரிசோதித்துவிட்டோம். மனிதருக்கும் அதே முடிவு செல்லுமா?

செல்லாது. கம்பி நீளம் வேறு, காயில் வேறு, அதிர்வெண் வேறு. எலிகளுக்குப் பயன்படும் 9.4 டெஸ்லா இயந்திரம் 400 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது.

எனக்குத் தலையில் எலெக்ட்ரோடு இருக்கிறது. ஸ்கேன் எடுக்கலாமா?

இணையத்தில் படித்து முடிவு செய்யாதீர்கள், இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கருவியோடு கொடுத்த அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். ஸ்கேன் எடுப்பவருக்கு எலெக்ட்ரோடின் மாடல், கருவியின் மாடல் இரண்டும் வேண்டும், ஒன்று போதாது. கால் முட்டிக்குத்தானே ஸ்கேன் என்று தலையில் இருப்பதைச் சொல்லாமல் விடாதீர்கள். பழைய அறுவை சிகிச்சையில் கழற்றியபோது உள்ளே விட்டுவிட்ட கம்பித் துண்டு இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். எந்தக் கருவியோடும் இணையாமல், முனை திறந்து கிடக்கும் அல்லது அறுந்த கம்பி, முழுக் கருவியைவிட அதிகமாகச் சூடாகலாம். முழுக் கருவிக்குக் கிடைத்த மஞ்சள் முக்கோணம் அந்தத் துண்டுக்குச் செல்லாது.

சோதனை அறிக்கையில் நீங்கள் முதலில் எதைத் தேடுவீர்கள்?

வெப்பநிலை எண்ணை அல்ல, புகைப்படத்தை. கம்பி எந்த வழியில் போனது, எங்கே வளைந்தது, தலையோடு சுருட்டி வைத்திருந்தார்களா நேராக இழுத்துவிட்டார்களா, மறுமுனை பெருக்கியில் இணைந்திருந்ததா தனியாகக் கிடந்ததா, உணரி நுனியிலிருந்து எவ்வளவு தூரம். இவை இல்லாமல் “0.4 டிகிரி மட்டுமே கூடியது” என்று எழுதியிருந்தால் எனக்கு அதனால் பயனில்லை. அதே எலெக்ட்ரோடில் கம்பியை ஒரு கை அகலம் நகர்த்தி வைத்தால் அந்த 0.4 பல டிகிரியாகிவிடலாம். மிக மோசமான நிலையைத் தேடிக் கண்டுபிடித்து அதில் சோதித்தார்களா, அல்லது கையில் வந்தபடி வைத்துச் சோதித்தார்களா என்பது அந்தப் புகைப்படத்தில் தெரிந்துவிடும்.